கையில் ஏழு எழுத்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வாழவந்தியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் என்ன தலைப்பில் பேசுவது என்று அமைப்பாளரைக் கேட்டேன். 'சங்க இலக்கியமா, புதுக்கவிதையா?' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, 'இரண்டையும் பேச ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா. நீங்கள் நம் எழுத்தாட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். எப்படி எப்போதும் நீங்களே வெல்கிறீர்கள் என்ற இரகசியத்தைச் சொல்லுங்கள்' என்றார். எப்போதும் நானே வெல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் வென்றிருக்கக் கூடாத ஓர் ஆட்டமும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் கவிதை வாசிப்பும் திறனாய்வும் முடிந்து, தேநீர் வந்த பிறகு, நம்மில் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் காய்களை அடுக்கி ஆடுவது வழக்கம். மழைக் காலத்தில் மூடுபனி இறங்கி, மின்சாரமும் நின்று, கீழே போக வழியில்லாமல் ஆன நாள்களில் தொடங்கிய பழக்கம் அது. வெளியூரிலிருந்து வரும் கவிஞர்கள் சிலர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணியதும் உண்டு. அவர்களும் இரண்டு ஆட்டம் தோற்றபின் மூன்றாவது ஆட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

வேலை இழந்தவர் கண்ட விளையாட்டு

இந்த வகை ஆட்டத்தில் உலகறிந்தது ஸ்கிராபிள். அதைக் கண்டவர் ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கர், கட்டடக் கலைஞர். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்து வீட்டில் இருந்தபோது இதை உருவாக்கினார். எந்த எழுத்துக்கு எத்தனை காய், எவ்வளவு மதிப்பெண் என்று முடிவு செய்ய அவர் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். மிகுதியாக வரும் எழுத்துக்குக் காய் அதிகம், மதிப்பு குறைவு; அரிதாக வரும் எழுத்துக்குக் காய் ஒன்று, மதிப்பு பத்து. ஜேம்ஸ் புரூனோ என்பவர் 1948இல் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு 15 வீதம் 225 கட்டங்கள், 100 காய்கள், ஆடுபவர் கையில் எப்போதும் ஏழு காய்கள். ஏழையும் ஒரே சொல்லில் இறக்கிவிட்டால் 50 மதிப்பெண் கூடுதல் பரிசு. இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

எழுத்தைக் கட்டத்துக்குள் வைத்து ஆடுவது தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால் சித்திரகவி வகைகள் கிடைக்கின்றன. வரிக்கு எட்டு எழுத்தாக நான்கு வரியைக் கட்டங்களில் இட்டுச் சுழற்றிப் படிக்கும் சுழிகுளம்; எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே பாடலாக நிற்கும் சருப்பதோபத்திரம்; இருமுனையிலும் ஒன்றுபோல் ஓடும் மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். ஆட்டக்காரனுக்கு இவற்றினும் உதவுவன இரண்டு. ஒரு சொல்லோடு ஓரெழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் ஆக்குவது எழுத்து வருத்தனம். ஓரெழுத்தை நீக்கி நீக்கிப் புதுச்சொல் காண்பது அக்கரச்சுதகம். கவிதை, விதை, தை என்று நம் கவியரங்குகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த அடுக்கு இருக்கிறதே, அது அக்கரச்சுதகம். திருப்பிச் சொன்னால் எழுத்து வருத்தனம். பலகையில் கிடக்கும் சொல்லோடு ஒரே ஒரு காயைச் சேர்த்து அந்தச் சொல் முழுவதன் மதிப்பையும் தனதாக்கிக் கொள்வதுதான் ஸ்கிராபிளில் தேர்ந்தவர்களின் முதல் வித்தை. நம் இலக்கணிகள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

ஒரு காய் எத்தனை எழுத்து?

தமிழில் ஆட முற்பட்டபோது நமக்கு வந்த முதல் இடர், காய் செய்வதுதான். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. அத்தனைக்கும் தனித்தனிக் காய் செய்தால் ஆட்டம் நடவாது. கையில் ஙௌ வந்தவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அடுத்து, உயிரும் மெய்யும் தனித்தனியாக 30 வகைக் காய், ஆய்தம் ஒன்று என்று செய்து பார்த்தோம். கணக்குக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை. க், ஆ, ட், உ என்று நான்கு காய் கிடந்தால் அதைக் காடு என்று எந்தக் குழந்தை படிக்கும்?

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். வாழவந்தி. தமிழ்க் கணக்கில் ஐந்தெழுத்து. வா, ழ, வ, ந், தி என்று அச்சடித்த ஐந்து காய்களாக வைத்தால் வாழ, வந்தி, வாதி, வதி என்று சிலவே கிடைக்கும். வதி என்றால் தங்கி வாழ்; வாழ வந்தவர்களின் ஊர்ப்பெயருக்குள் அச்சொல் ஒளிந்திருப்பது அழகுதான். ஆனால் சுரங்கம் அதோடு வற்றிவிடுகிறது. உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் ஒன்பது காய். வழி, வாழி, ஆழி, ஆவி, ஆதி, அந்தி, அவதி, தவழ் எனச் சொற்கள் பெருகும். ஆனால் முன்சொன்ன கண்ணின் இடர் வந்து நிற்கும்.

நம் உறுப்பினரான தச்சர் ஒருவர்தாம் மூன்றாவது வழியைக் காட்டினார். பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசும் சாயத்தைச் சிறு மரவில்லைகளில் பூசிக் கொண்டுவந்தார். உயிர்க் காய் 12 வகை, புள்ளி வைத்த மெய்க் காய் 18 வகை, அகரம் ஏறிய உயிர்மெய்க் காய் 18 வகை, ஆய்தம் ஒன்று. ஆக 49 வகை. அகரமேறிய காயைப் பலகையில் வைக்கும்போது, சாக்குக்கட்டியால் காலோ கொம்போ விலங்கோ இட்டுக்கொள்ளலாம். வைத்தபின் மாற்றக்கூடாது. இப்போது வாழவந்தியின் ஐந்து காய்களை வையுங்கள்: வ, ழ, வ, ந், த. வழி, விழா, வாழை, தழை, தாழை, விழுது, தீவு, விந்தை, வேந்து என்று மலைச்சாரல் போல் கொட்டுகிறது. எழுத்தாட்டம் தமிழில் உயிர்பெற்றது அன்றுதான். இனி நான் சொல்லப்போகும் உத்திகள் இந்த முறைக்கு உரியவை.

வெல்லும் வழிகள்

முதலாவது, சிறு சொல்லை மதியுங்கள். புதிதாக ஆட வருபவர் எல்லாரும் நீண்ட சொல்லையே தேடுவார்கள். கவிஞர்கள் இன்னும் கூடுதலாகத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் போட்டி ஆடுபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஈரெழுத்துச் சொற்களை. அவை நூறுக்கு மேல் உள்ளன. ஏனெனில், கிடக்கும் சொல்லை ஒட்டி இணையாக இன்னொரு சொல்லை வைக்கும்போது, இரண்டுக்கும் இடையே தொடுகின்ற இடமெல்லாம் ஈரெழுத்துச் சொல் ஆகவேண்டும். ஈரெழுத்துச் சொல் தெரிந்தவன் ஒரே வைப்பில் மூன்று நான்கு சொற்களுக்கு மதிப்பெண் பெறுவான். தமிழில் நமக்கு இன்னும் ஒரு படி கீழே பிடிப்பு இருக்கிறது. நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கிட்டார். ஆ, ஈ, பூ, தீ, மை, கை, கோ, வை முதலாக வரும் அவற்றில் நெடில் 40. குறில், நொவும் துவும் ஆகிய இரண்டே. ஒவ்வொன்றும் பெரிய சொல்லுக்கு விதை. கை இருக்கிறது; முன்னே வ வைத்தால் வகை; அதன் முன்னே உ வைத்தால் உவகை. மூன்று பேர் மூன்று காய்களை வைத்தார்கள்; மூன்று பேரும் மதிப்பெண் பெற்றார்கள்.

இரண்டாவது, முன்வாசலையும் பின்வாசலையும் அறியுங்கள். தமிழில் எந்த எழுத்தும் எந்த இடத்திலும் வராது. மொழிக்கு முதலில் வருபவை 22, இறுதியில் வருபவை 24 என்று நன்னூல் வரையறுக்கிறது. பள்ளியில் நாம் முணுமுணுத்து மறந்த பாடம் இது. ஆட்டப் பலகையில் இதுவே படை வரைபடம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஆகவே இவை கையில் குவிந்தால் புதுச்சொல் தொடங்க முடியாது; பலகையில் கிடக்கும் எழுத்துக்குப் பின்னால்தான் இடம் தேட வேண்டும். உயிர்க் காயோ அளபெடை நீங்கலாகச் சொல்லின் முதலில் மட்டுமே வரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. உயிரில் தொடங்கிய சொல்லுக்கு முன்னால் எதிரி எதையும் சேர்க்க முடியாது. உவகை என்று வைத்தவுடன் இடப்புறக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. முன்னால் இருந்தால் உயிரைக் கொண்டு கதவைச் சாத்துங்கள். பின்தங்கியிருந்தால் திறந்து வையுங்கள்.

மூன்றாவது, மெய்களுக்குத் துணை தேடிக் கொடுங்கள். க், ச், த், ப் என்னும் நான்கும் ஒரு சொல்லுக்குள் தம் இனத்தோடு மட்டுமே மயங்கும். க் கையில் வந்தால் ஒரு க காயைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். இல்லையெனில் அது ஆட்டம் முடியும்வரை சுமைதான். ட், ற் இரண்டும் சற்றுத் தாராளம். வெட்கம், கற்பு, முயற்சி என்று பிற வல்லினத்தையும் ஏற்கும். இந்த ஆறு வல்லினமெய்யில் எதுவும் சொல்லின் இறுதியில் நில்லாது. மெல்லினத்துக்கு அதனதன் இனம்: ங் வந்தால் க, ஞ் வந்தால் ச, ண் வந்தால் ட, ந் வந்தால் த, ம் வந்தால் ப, ன் வந்தால் ற. ரகர, ழகர மெய்கள் தம்மொடு தாம் இரட்டியா. அதை நம்பி இரண்டு ர காயைச் சேர்த்து வைக்காதீர்கள். மாறாக ம், ன், ல், ள், ர், ய் ஆகியவை சொல்லை முடித்துத் தருபவை. அவற்றுள் ஒன்றேனும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

நான்காவது, ஆய்தத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஆங்கில ஆட்டத்தில் பத்து மதிப்பெண் உடைய அரிய எழுத்தைப் போல, நம் ஆட்டத்தில் அது பலருக்குப் பேயாகத் தெரிகிறது. ஆனால் அதன் இடம் திட்டமானது. முன்னே ஒரு குறில், பின்னே ஒரு வல்லின உயிர்மெய். எஃகு, அஃது, இஃது, வெஃகு, பஃறி, அஃறிணை. இந்த ஆறு சொல்லை நினைவில் வைத்தவனுக்கு ஆய்தம் வரம்.

ஐந்தாவது, கைநிறையக் கனவு காணாதீர்கள். இதை நம் கவிஞர்களுக்காகவே சொல்கிறேன். ழ காய் ஒன்று வந்துவிட்டால் போதும், அதைத் தமிழ் என்னும் பெயரின் மானம் போல் கையிலேயே வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு மாபெரும் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நான்கு முறையிலும் எதிரி மழை, வாழை, விழா என்று சாதாரணமாக வைத்துப் போய்க்கொண்டே இருப்பார். அரிய எழுத்தை எளிய சொல்லில் வைத்து இறக்குபவனே வெல்கிறான். கையில் உயிர் இரண்டு, மெய் இரண்டு, உயிர்மெய் மூன்று என்ற சமநிலை எனக்கு நன்மை செய்திருக்கிறது. அந்தச் சமநிலை குலைந்து, ஏழும் ஒன்றோடொன்று சேராமல் நின்றால், ஒரு முறையை இழந்து காய்களை மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள். நாம் எழுதிய வரி நன்றாயில்லை என்று தெரிந்தும் அடிக்க மனம் வராமல் அதைச் சுற்றியே கவிதை கட்டுவோமே, அதே நோய்தான் இதுவும். மருந்தும் ஒன்றே.

ஆறாவது, எண்ணுங்கள். எந்தக் காய்கள் இறங்கிவிட்டன, எவை பையில் இருக்கக்கூடும் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய காய்களின் மதிப்பு நம் கணக்கிலிருந்து கழியும். முதலில் கை காலியானவருக்கு அது கூடும். சொல்லாகாத எழுத்துக்கு நாம் செலுத்தும் தண்டம் அது.

இவ்வளவு சொன்னேன். இவற்றைக் கைக்கொண்டால் உங்களில் பலர் அடுத்த மாதமே என்னைத் தோற்கடிப்பீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எல்லா உத்திக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. எது சொல்?

எது சொல்?

ஆங்கில ஆட்டத்தில் இதற்கு விடை எளிது. ஒப்புக்கொண்ட சொற்பட்டியலில் இருந்தால் சொல், இல்லையேல் இல்லை. பொருள் தெரிய வேண்டியதில்லை. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர், ஆங்கிலத்தில் பலமுறை உலக வாகையர். அவர் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளின் உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரங்களில் அம்மொழியின் ஆட்ட அகராதியை மனப்பாடம் செய்து போய் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார். வியக்கத்தக்க நினைவாற்றல். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் வைத்த காய்கள் அவருக்கு எழுத்து வரிசைகளே. சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதைச் சொல்லதிகாரத்தின் அடிப்படையாக வைத்தவர் தொல்காப்பியர். அந்த மரபில் வந்த நாம் எப்படி ஆட வேண்டும்?

தமிழில் பட்டியலை நாடினாலும் சிக்கல் தீராது. வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்ற சொல்லையெல்லாம் ஒப்புக்கொண்டால் ஒரு வினையடியே பலகையை நிரப்பிவிடும். ஆகவே அகராதியில் தலைச்சொல்லாக உள்ளதே செல்லும் என்று நாம் விதி செய்தோம். நல்ல விதி என்றே அன்று நினைத்தேன். இப்போது, தொடக்கத்தில் வாக்களித்த அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

வட்டத்தின் நான்காம் ஆண்டு, ஐப்பசி மாதம், மழை. அன்று ஆட வந்தவர்களுள் பள்ளியில் மேல்வகுப்புப் படித்த ஒரு பெண்ணும் இருந்தாள். குடும்பம் சங்ககிரிப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு மலை ஏறி வந்தது. கவிதை வாசிக்கக் கூச்சம், ஆட்டத்தில் கூச்சமில்லை. கடைசிச் சுற்றில் நானும் அவளும் மட்டுமே மிஞ்சினோம். பலகையில் காடு என்னும் சொல் மேலிருந்து கீழாகக் கிடந்தது. அதன் கா எழுத்துக்கு முன்னால் அவள் மூன்று காய்களை வைத்தாள். பின்னால் ஒன்றை வைத்தாள். முதல் காய்க்குக் கொம்பும் காலும், கடைசிக் காய்க்கு மேல்விலங்கும் சாக்குக்கட்டியால் இட்டாள். பொடக்காலி. நான்கு காயும் இறங்கிக் கை காலி. ஆட்டம் அவளுடையது.

நான் அப்படி ஒரு சொல் இல்லை என்றேன். மேசைமேல் இருந்த கையகராதியைப் புரட்டினோம், இல்லை. 'வீட்டுக்குப் பின்புறம் என்றால் புழக்கடை என்று வை. அதுதான் சொல்' என்று ஒருவர் சொன்னார். நானே ஆடுபவன், மூத்தவன் என்பதால் நானே நடுவனும் ஆனேன். காயை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, 'எங்கூட்டுப் பொடக்காலீல கருவேப்பில மரம் நிக்குதுங்களே, ஐயா' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் காய்களை எடுத்துக்கொண்டாள். அடுத்த முறையில் நான் வென்றேன். மறுமாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. குடும்பம் கீழே திரும்பிவிட்டது என்று பின்னர் அறிந்தேன். அந்தச் சிரிப்பினால்தான் வராமல் இருந்தாளா என்பதை நான் கேட்டறிய வழியில்லை.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஓராண்டுக்குப் பின், கொங்கு நாட்டுக் கதை ஒன்றில் பொடக்காலியில் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததைப் படித்தபோதுதான் சுருக்கென்றது. சொல் இருந்திருக்கிறது. நான் இல்லை என்று சொன்னதற்கு ஒரே காரணம், அதை நான் கேட்டதில்லை.

நம் அறியாமைக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. இவை பொது அகராதிகள். ஆனால் கி. ராஜநாராயணன் 1982இலேயே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்துத் தந்துவிட்டார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இல் வந்தது. இவர்கள் மூவரும் படைப்பாளிகள் என்பதைக் கவனியுங்கள். கதை எழுதிய கை, காடுகரையிலும் களத்துமேட்டிலும் கேட்ட சொல்லை எடுத்து வரிசைப்படுத்தி அடுத்த தலைமுறைக்கு வைத்துப் போயிற்று. அந்த நூல்களுள் ஒன்றுகூட அன்று நம் மேசையில் இல்லை. கொங்கு நாட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கொங்குச் சொல்லகராதியை வாங்காமல், ஒரு கொங்குப் பெண்ணின் சொல்லைச் சொல்லன்று என்று தீர்ப்புச் சொன்னோம்.

இன்னும் அருகில் வருகிறேன். இந்தச் சேர்வராயன் மலையில் நமக்கெல்லாம் முன்பே வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ். பெயரைக் கேட்டுக் கேரளத்து மொழி என்று எண்ணிவிடும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் நாவில் நிலத்துக்கும் தானியத்துக்கும் மழைக்கும் மரத்துக்கும் வழங்கும் சொற்கள் எத்தனை நம் பலகையில் இறங்கியிருக்கின்றன? பத்தாண்டாக இந்த மலையில் வட்டம் நடத்துகிறோம். மலையைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளில் மூடுபனி இருக்கிறது, காப்பிப்பூ இருக்கிறது, வெள்ளோக்கு மரம் இருக்கிறது. மலையின் சொல் இருக்கிறதா? என் கவிதைகளைப் பொறுத்தவரை விடை எனக்குத் தெரியும், இல்லை.

ஒரு விண்ணப்பம்

ஆகவே, விதியை மாற்ற வேண்டும் என்று இந்த அவையில் விண்ணப்பிக்கிறேன். அகராதியில் உள்ள சொல் செல்லும், அது இருக்கட்டும். அதனோடு இதையும் சேர்ப்போம். அகராதியில் இல்லாத ஒரு சொல்லை ஒருவர் வைத்தால், அவர் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். அதை ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும். எந்த ஊரில், யார் வாயில் கேட்டார் என்று சொல்ல வேண்டும். மூன்றும் சொன்னால் சொல் செல்லும். பொருள் தெரியாமலே வெல்ல இடம் தரும் ஆட்டம் உலகில் இருக்கிறது. பொருள் தெரிந்தவர் தோற்காத ஆட்டமாக நம்முடையது இருக்கட்டும். அந்தப் பெண் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். வீடு இருந்தது, மரம் இருந்தது, சொல் இருந்தது. என் காதுதான் இல்லை.

யாராவது கற்பனைச் சொல்லைப் புனைந்து ஏமாற்றினால் என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கவிஞர்கள் நிறைந்த அவையில் அது நியாயமான அச்சம்தான். அதற்கும் ஒரு வழி உண்டு. அவ்வாறு ஏற்ற ஒவ்வொரு சொல்லையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம்: சொல், பொருள், ஊர், வாக்கியம். அடுத்த மாதத்துக்குள் இன்னும் ஒருவர் வாயிலிருந்து அதை உறுதி செய்யட்டும். பொய்ச்சொல் தானே உதிர்ந்துவிடும். மெய்ச்சொல் ஏட்டில் நிலைக்கும். மாதம் ஐந்து சொல் சேர்ந்தாலும் பதினோராம் ஆண்டு முடிவில் அறுபது சொல். அறுபது சொல் அகராதி ஆகாது. ஆனால் ஆல்பிரட் பட்ஸ் ஒவ்வோர் எழுத்தாக எண்ணித்தான் தொடங்கினார். கி.ரா.வின் அகராதிக்கும் ஒரு முதல் சொல் இருந்திருக்கும்.

குறிப்பேட்டை நான் வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் முதல் சொல்லை நேற்றிரவே எழுதிவிட்டேன். பொடக்காலி: வீட்டின் பின்புறம். சொன்னவர் சங்ககிரிப் பக்கத்து மாணவி. வாக்கியம், அவள் சொன்னதே. அன்றைய ஆட்டத்தின் கணக்குத் தாளையும் தேடி எடுத்தேன். மதிப்பெண்ணைத் திருத்தி, வென்றவர் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். அவளுக்கு அது தெரியப்போவதில்லை. எனினும், தவறான கணக்கு நம் ஏட்டில் பத்தாண்டைத் தாண்டக் கூடாது என்று பட்டது.

கவிஞர் பெருமக்களே, உங்கள் கையில் ஏழு எழுத்து இருக்கிறது. பலகையில் இடம் இருக்கிறது. தேநீருக்குப் பின் காய்கள் இறங்கும். ஊரில் கேட்ட சொல் ஒன்று உங்கள் நினைவில் இருந்தால், அகராதியில் இல்லையே என்று தயங்காமல் வையுங்கள். இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்; எழுதிக்கொள்வேன்.